வேஷம் கலையக் கூடாது

ரொட்டி அறுக்கும் கத்தியால் அந்த ஆள் கால் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டியதைச் சாப்பாட்டு மேஜைமேலேயே தட்டிவிட்டான்.

ஆர்லிஸ் ரொட்டியை எடுத்துத் தள்ளி வைத்தாள். ஆனாலும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, "வண்டியில ரொம்ப தூரம் வந்தீங்களோ ஐயா? கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

வேறு வழியில்லை. அமெரிக்காவின் அயோவாவில் இருக்கும் இந்த அருங்காட்சியகப் பண்ணைக்குள் நுழைந்துவிட்டால் வருஷம் 1875. கடல் தாண்டிக் குடியேறிய ஹால்வர்சன் குடும்பம் வாழ்ந்த மரவீட்டை அப்படியே வைத்திருந்தார்கள்; அதில் சம்பளத்துக்கு வாழும் மிசஸ் ஹால்வர்சன் அவள்தான். பார்க்க வருகிறவர்கள் முன்னால் வேஷம் கலையக் கூடாது. வீடு தீப்பிடித்தால்கூட வாளியைத்தான் தேட வேண்டும், போனை அல்ல.

அதிலும் இன்றைக்குக் கலையவே கூடாது. குளிர்காலத்தில் ஒரு வீடுதான் திறந்திருக்கும், ஒருத்திக்குத்தான் வேலை. அது அவளுக்கா, பக்கத்துப் பண்ணைவீட்டில் வேஷம் போடும் மாவிஸுக்கா என்பது இன்று தெரிந்துவிடும்.

"இன்னிக்கு ஒரு ஆளை அனுப்புவேன். யாருன்னு சொல்ல மாட்டேன். அவருகிட்ட நீங்க எப்படி நடந்துக்கறீங்கன்னு பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்" என்று மேலாளர் லவோன் காலையில் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தாள்.

இவன் உள்ளே வந்தபோதே ஆர்லிஸ் கண்டுபிடித்துவிட்டாள். எல்லோரும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் நுழைவுச்சீட்டு இவனிடம் இல்லை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பரீட்சை வைக்க வந்த ஆள் இவனேதான்.

அவன் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்துபோய் பன்றிக் கொழுப்பு ஜாடிக்குள் விரலை விட்டு வழித்து நக்கினான். நக்கிய விரலை மறுபடியும் உள்ளே விட்டான்.

"அதுல சோப்பு காய்ச்சணும் ஐயா."

"சோப்பா? அது எதுக்கு?"

அவன் அப்படித்தான் கேட்பான். பக்கத்தில் வந்தபோது அடித்த வாடையே அதைச் சொன்னது.

கன்னத்தில் அதக்கியிருந்த புகையிலையை அடுப்பைக் குறிபார்த்துத் துப்பினான். பாதி நெருப்பில் விழுந்து சீறியது. மீதி, கோழி வெந்துகொண்டிருந்த பானையின் விளிம்பில் பழுப்பாக வழிந்தது. வாசலில் நின்ற ஒரு சிறுமி, "ஐயே!" என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"உங்களுக்குப் புது அடுப்புதானே ஐயா, பழகப் பழகக் குறி தப்பாது" என்றாள் ஆர்லிஸ். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அவனுக்கு ஒரே சந்தோஷம். "உன் வீட்டுக்காரன் எங்க?"

வீட்டுக்காரனாக வேஷம் போட்டவன் வேலையை விட்டு லாரி ஓட்டப் போய்விட்டான். "கோதுமை அரைக்க மில்லுக்குப் போயிருக்காரு. எப்ப வருவாரோ தெரியல."

"பாவம். இம்மாம் பெரிய கட்டில் சும்மா கிடக்குதே!"

பூட்ஸோடு போய்க் கட்டிலில் விழுந்தான். மூக்கை விரலால் சிந்தி, மேலே கிடந்த போர்வையில் துடைத்தான். கோடை முழுக்க உட்கார்ந்து, துண்டு துண்டாகத் துணி சேர்த்து அவள் தைத்த போர்வை அது.

ஆர்லிஸின் கை மாவு தேய்க்கும் கட்டையைத் தேடியது. வேலை இல்லாவிட்டால் ஜனவரிப் பனியில் விறைத்துக் கிடக்கப்போகும் தன் வாடகை வீட்டை நினைத்துக்கொண்டாள். கட்டையை விட்டுவிட்டாள்.

"இன்னொரு தலகாணி தரட்டுமா ஐயா?"

குறட்டைதான் வந்தது.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு லவோன் வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! மாவிஸ் இவரைத் துடைப்பத்தால அடிச்சு விரட்டிட்டா. உன் வீட்டுல குறட்டையே விடறாரு. குளிர்கால வேலை உனக்குத்தான், ஆர்லிஸ்."

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் ஆர்லிஸின் வாயில் பொங்கியது.

"அப்பாடா! இந்தப் பன்னிய முதல்ல எழுப்பி வெளிய அனுப்புடி. பரீட்சை வைக்க வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? அந்தப் போர்வையைக் கொளுத்தணும், கத்தியைக் கொளுத்தணும், கட்டிலையே கொளுத்தணும்!"

லவோன் திருதிருவென்று விழித்தாள்.

"பரீட்சையா? நாளையிலேருந்து இவருதாண்டி உன் புருஷன்."