சுண்ணாம்புக் குறி

"லேப்டாப்பை இங்கேயே விட்டுட்டுப் போங்கய்யா. காலையில வந்து வாங்கிக்கலாம்."

அஃப்ரீன் இப்படிச் சொன்னதுமே செல்லதுரைக்குச் சுருக்கென்றது. கண்ணு முன்னாடி செய்ய முடியாத வேலை அப்படி என்ன வேலை?

நீடாமங்கலத்தில் அவள் வைத்திருப்பது சின்ன ரிப்பேர் கடை. மகள் கயல்விழி சொன்னாளே என்றுதான் அவர் கூடவே வந்திருந்தார்.

அஃப்ரீன் அடிமூடியைக் கழற்றி, விரல் நீளத்துக்கு ஒரு பட்டையைக் காட்டினாள்.

"இதுதான் எஸ்எஸ்டி. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. கழுத்து வரைக்கும் ரொம்பிப் போச்சு. கொஞ்சமாவது காலி இடம் இருந்தாத்தான் வேகமா ஓடும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆன்லைன் டெஸ்ட் இருக்குக்கா. போன தடவை பாதியில நின்னு போச்சு. இந்தத் தடவையும் நின்னா வேலை கிடைக்காது." கயல்விழி கெஞ்சினாள்.

மூன்று தலைமுறையாக நாற்று நட்ட குடும்பத்தில் மாசச் சம்பளத்துக்குப் போகப் போகிற முதல் ஆள் அவள். அதனால் அந்த லேப்டாப்பைச் செல்லதுரை சாமி மாதிரி வைத்திருந்தார். உள்ளே சிதறிக் கிடப்பதை ஒழுங்காக்கும் பட்டன் என்று காலேஜில் படிக்கும்போது அவள் ஒன்றைக் காட்டியிருந்தாள். அன்றிலிருந்து தினமும் அவள் எழுந்திருக்கும் முன்னே அதை அமுக்கிவிட்டுத்தான் வயலுக்குப் போவார். காயப்போட்ட நெல்லைக் கிளறி விடுகிற மாதிரி. மூன்று வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. மகளிடம் சொல்லிக்கொண்டதும் இல்லை.

அஃப்ரீன் மூடியைத் திறந்தபடியே வைத்து, லேப்டாப்பைப் போட்டு எதையோ பார்த்தாள். முகம் மாறியது. சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கயல், காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்ப?"

"ஏழு மணிக்குக்கா."

"அப்பா?"

"அவரு அஞ்சு மணிக்கே எந்திரிச்சிருவாரு."

வீட்டில் யார் எப்போது எழுந்தால் இவளுக்கென்ன? துப்புக் கேட்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார் செல்லதுரை.

அவருக்கு ஒரு வழி தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடக்கும்போது, குவியல் மேல் சாம்பலால் கோடு போட்டு வைப்பார். ஒரு கை அள்ளினாலும் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

அஃப்ரீன் போன் பேச வெளியே போனாள். கயல்விழியும் வண்டியைத் திருப்பப் போயிருந்தாள். செல்லதுரை வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு, அந்தப் பட்டையின் ஓரத்தில் பொட்டாக வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கே இருவரும் கடையில் நின்றார்கள்.

லேப்டாப் போட்டதுமே திறந்துகொண்டது. கயல்விழிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "புதுசு மாதிரி ஓடுதுப்பா."

"எவ்வளவு ஆச்சும்மா?" என்றார் செல்லதுரை.

"சுத்தம் பண்ணின கூலி மட்டும் போதும்."

இவ்வளவு தாராளமாகப் பேசுகிற ஆளைத்தான் நம்பக் கூடாது. "அடிமூடியைக் கழட்டு. நான் பாக்கணும்."

"வேண்டாங்கய்யா. டெஸ்ட்டுக்கு நேரமாகுது."

"கழட்டுங்கிறேன்ல."

அவள் தயங்கித் தயங்கிக் கழற்றினாள். பட்டை பளிச்சென்று இருந்தது. பொட்டைக் காணோம்.

செல்லதுரை கடை முழுக்கக் கண்ணை ஓட்டினார். மேஜையில் அஃப்ரீனுடைய சொந்த லேப்டாப் மல்லாந்து கிடந்தது. மூடி இன்னும் போடவில்லை. அதற்குள்ளே, அவர் கையால் வைத்த சுண்ணாம்புப் பொட்டு.

"பாத்தியா கயலு? நம்ம பொருளைக் கழட்டி அவ மிஷின்ல மாட்டியிருக்கா. எங்களுக்கென்ன தெரியப்போவுதுன்னு நெனச்சிட்ட, இல்ல?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அஃப்ரீன் மூடியை மாட்டி, லேப்டாப்பைக் கயல்விழி கையில் கொடுத்தாள்.

"உன்னோடது எல்லாம் அப்படியே இருக்கான்னு பாத்துட்டேல்ல? கிளம்பு. நல்லா எழுது. அப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கயல்விழி அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போனாள். சத்தம் தேயும் வரை அஃப்ரீன் வாசலையே பார்த்திருந்தாள்.

"இப்ப சொல்லு. இதை எதுக்கு எடுத்த?" என்றார் செல்லதுரை.

"உங்களோடது தேஞ்சு போச்சுங்கய்யா. சுத்தம் பண்ணிப் பாத்தும் திக்கித் திக்கித்தான் ஓடிச்சு. புதுசு வர ரெண்டு நாளாகும், டெஸ்ட்டு இன்னைக்கு. அதான் என்னோடதைக் கழட்டி, அவளோடதெல்லாம் அதுல ஏத்தி மாட்டி விட்டேன்."

"மூணு வருஷத்துல எப்படித் தேயும்? யார்கிட்ட கதை விடுற?"

அஃப்ரீன் தன் லேப்டாப்பைப் போட்டாள். அது முனகி முனகித் திறக்க ஐந்து நிமிஷம் ஆனது. திரையில் ஒரு பட்டியல். காலை 5.10. காலை 5.05. காலை 5.10. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"ஒழுங்கு பண்ற பட்டனை அமுக்கின நேரம்ங்கய்யா இதெல்லாம். அந்தப் பட்டன் பழைய காலத்து டிஸ்க்குக்கு உண்டானது. இதுல அமுக்கினா, இருக்கிறதையெல்லாம் திரும்பத் திரும்ப அழிச்சு எழுதும். தினமும் எழுதி எழுதியே தேஞ்சு போச்சு."

செல்லதுரையின் விரல் தானாக மடங்கிக்கொண்டது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... நேத்தே இதைச் சொல்லியிருக்கலாமேம்மா. நானும் இப்படி நாலு பேர் முன்னாடி கேட்டிருக்க மாட்டேனே."

"பக்கத்துல கயல் இருந்தாளேய்யா."