முன்வரிசையில் ஒரு கோட்

"அம்மா, இந்தக் கோட்டை எடுங்க. காலி நாற்காலி டிவியில தெரியக்கூடாது."

"காலி இல்ல. அது டுவேனோட இடம்" என்றாள் ஆர்லீன். "என் வீட்டுக்காரர்."

கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த பிரச்சாரக்காரி உதட்டைப் பிதுக்கினாள். "கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள வந்து உட்காரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கையால் எழுதியது போலவே அச்சடித்த தட்டி ஒன்றை நீட்டினாள். ஆர்லீன் அதை வாங்கிக் காலடியில் போட்டுக்கொண்டாள்.

அமெரிக்காவிலேயே முதல் ஓட்டு விழுகிற அயோவாவில் ஜனாதிபதி வேட்பாளரைப் பார்ப்பது ஒரு பெரிய காரியமா என்ன! நாலு வருஷத்துக்கு ஒருமுறை அவர்களே வந்து நம் வாசலில் விழுவார்கள். ஆனால் செனட்டர் டெல்மண்ட் இப்போது எல்லாக் கருத்துக்கணிப்பிலும் முதலிடம். இந்தப் பள்ளிக்கூட ஜிம்மில் முன்வரிசை பிடிக்க, பனியில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

ஆர்லீனுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த பெவ் என்ற அம்மாள் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஐந்து நிமிஷத்தில் சொந்தமாக்கிக்கொள்கிற ரகம்.

"எங்க போனாரு உங்க ஆளு? கோட்டை வேற கழட்டிப் போட்டுட்டு! வெளிய மைனஸ் இருபது. விறைச்சுப் போயிடப் போறாரு மனுஷன்."

"அவரைக் குளிரெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"எனக்கும் வாய்ச்சுதே ஒண்ணு! வீட்டுக்குள்ளயே ரெண்டு ஸ்வெட்டர், ஒரு தொப்பி. ஜன்னல் பக்கம் போனாலே தும்மல்." பெவ் குலுங்கிச் சிரித்தாள். "ஆமா, நீங்க செனட்டர் கட்சியா?"

"அவரை ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

போன வருஷம் இதே ஜனவரியில் டெல்மண்டை யாருக்கும் தெரியாது. ஓர் உதவியாளரோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தவர், ஆர்லீன் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்து, அவள் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தை இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டுவேனுக்கு நுரையீரல் கெட்டுப்போய் மூச்சு வாங்குவதையும், டாக்டர் எழுதிய மருந்தைத் தர முடியாதென்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்ததையும் கேட்டு அவர் கண் கலங்கிவிட்டது. டுவேனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசுறேன். ஒரே வாரத்துல நானே உங்களுக்குப் போன் பண்றேன்" என்று நம்பரையும் எழுதிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து டுவேன் போன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மாட்டுக் கொட்டிலுக்குப் போனாலும் கோட் பையில் போன். குளிக்கப் போனால், "மணி அடிச்சா கதவைத் தட்டுடி" என்பார். அந்தப் போன் ஏன் வரவில்லை? அதைத்தான் ஆர்லீன் கேட்க வேண்டும், டெல்மண்ட் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

பாட்டு அலறியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டெல்மண்ட் மேடைக்கு ஓடிவந்தார். நல்ல பேச்சு, குறை சொல்ல முடியாது. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"நண்பர்களே, போன வருஷம் ஒரு சமையலறையில டுவேன்னு ஒரு விவசாயியைப் பாத்தேன். மூச்சு விடவே கஷ்டப்பட்டாரு. மருந்து கிடையாதுன்னுட்டான் இன்ஷூரன்ஸ்காரன். நான் விடுவேனா? போனைப் போட்டேன், சண்டை போட்டேன். மருந்து வந்துச்சு! இன்னிக்குக் காலையில கூட டுவேன்கிட்ட போன்ல பேசினேன். 'செனட்டர், இந்த வசந்தத்துல மீன் பிடிக்கப் போறேன்'கிறாரு!"

ஜிம் அதிர்ந்தது. பெவ் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆர்லீன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடிப்பாவி! உங்க டுவேனா? வாயைத் திறக்கவே இல்லையே!" எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். "செனட்டர்! இதோ, டுவேன் சம்சாரம்! இங்கதான் இருக்காங்க!"

டெல்மண்ட் ஒரு நொடி நின்றார். ஒரே ஒரு நொடிதான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, கேமராக்கள் பின்தொடர, மைக்கோடு இறங்கி வந்தார். இரண்டு துண்டு ஆப்பிள் பை பரிமாறிய கையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்காக என்ன, இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா நம்ம ஆளு? காலையில பேசுறப்போ வர்றேன்னு சொல்லலையே!"

ஆர்லீன் அவர் பிடியிலிருந்து விலகினாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த கோட்டின் பைக்குள் கையை விட்டு, பழைய மடக்குப் போன் ஒன்றை எடுத்துத் திறந்தாள். முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருந்தது.

"இதுதான் நீங்க எழுதிக்கிட்டுப் போன நம்பர்" என்றாள். "ஒரு வருஷமா ஒரு தடவைகூட அடிக்கல."

"அம்மா, அது வந்து..." டெல்மண்ட் மைக்கைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். ஆர்லீன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் கேட்டது.

"நவம்பர்ல அவரைப் புதைக்கறப்போ இதையும் பெட்டியில வெச்சுடலாம்னாங்க, நீங்க கூப்பிடுவீங்கன்னு நான்தான் தரல."