அடுப்புக்கு மேலே ஒன்பது படங்கள்

"என் படத்த ஏம்மா கிழிச்ச?" என்று பூங்கோதை போட்ட சத்தத்துக்குத் தெருவில் மூன்று வீடு காதைத் தீட்டிக்கொண்டது. "தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்ற நேரத்துல கத்தாதடி" என்று அம்மா கலாவதி இன்னும் உரக்கக் கத்தினாள். மனவளர்ச்சி குன்றிய இருபத்துமூன்று வயது மூத்த மகள் பூங்கோதை தானே காப்பி போட, ஒவ்வொரு படியாகப் பார்த்துச் செய்ய அடுப்புக்கு மேலே ஒட்டச் சொல்லிச் சிறப்புப் பள்ளியில் வரைந்து கொடுத்த படங்கள் அவை. படமில்லாமலும் அன்று காப்பியை அவள்தான் போட்டாள். பிறகு அவளை உள்ளறையில் வைத்துப் பூட்டினாள் கலாவதி. "காப்பி பிரமாதம், யார் போட்டது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "சின்னவதான்" என்றாள் கலாவதி. "நான் போட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வர, எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தாள். சின்னவள் கல்யாணமாகி நாக்பூர் போன மூன்றாம் நாளே, "மாமனாருக்கு என் காப்பி பிடிக்கலம்மா, அக்கா படத்தையெல்லாம் அனுப்பேன்" என்று போன் செய்தாள். சுவரில் பசைத்தடம்தான் இருந்தது. "யாரும்மா போன்ல?" என்றாள் பூங்கோதை, காப்பியை நீட்டியபடி.