சந்தனமும் பிஸ்கட்டும்

காலை வெயில் கூடத்துச் சுவரில் சாய்ந்து விழுகிறது. வேப்பூரிலிருந்து வந்த பெயிண்டர் வெற்றிவேல் அதில் அருகருகே இரண்டு பட்டை தீற்றியிருக்கிறான். "இது சந்தனம், இது பிஸ்கட்டுங்க. ரெண்டும் அக்கா தங்கச்சி மாரி. எத அடிக்கட்டும்ங்கய்யா?" கொளஞ்சிநாதனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. "உள்ள கேட்டுட்டு வரேன்" என்று நிமிர்ந்து நடக்கிறார். சமையலறையில் யாருமில்லை. அவர் ஒதுக்கிவைத்த மகளோடு மனைவியும் போய்விட்டது அசலூர்க்காரனுக்குத் தெரியவேண்டாம். ஒரு கரண்டியை எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் ஓசை எழும்படி வைக்கிறார். கேட்டுப் பதில் வாங்கும் நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறார். "சந்தனமே அடிக்கச் சொல்றா." "அம்மா சொன்னா சரிதாங்க. அப்புடியே அவங்க கையால ஒரு டீ கெடைக்குமாங்க?" "அதுக்கென்ன" என்கிறார் கொளஞ்சிநாதன். அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போகிறார்.