நல்ல இங்கிலீஷ்

மெல்பேர்ன் முதியோர் இல்லத்தில் காலடி வைத்ததுமே மேலாளர் மார்கரெட் கூப்பிட, வேலை போச்சு என்றே விமலாதேவி நினைத்தாள்.

“நீங்க பாத்துக்கிற ரோசாம்மா நேத்து ராத்திரியிலேர்ந்து சாப்பிடல, விமலா. கிளம்பறப்ப என்ன சொன்னீங்க?”

“‘ஐ ஆம் கோயிங்’ எண்டு நல்ல இங்கிலீஷிலதான் சிஸ்டர்! வழக்கம்போல ‘ஐ வில் கோ அண்ட் கம்’ எண்டால் எல்லாரும் சிரிக்கினம்.”

“ஐயோ! அவங்க போர்க்காலத்துல போலந்துல யூத ஆஸ்பத்திரி நர்ஸா இருந்தவங்க. நாஜிக்காரங்க லாரியில ஏத்திட்டுப் போன நோயாளிகள்ல ஒருத்தர்கூடத் திரும்பி வரல. ‘வர்றேன்’னு சொல்லிட்டுப் போறது நீங்க மட்டும்தானாம்.”

விமலா அறைக்கு ஓடினாள். ரோசாம்மா அவள் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, சூப் கேட்டார்.

மாலையில் விமலா வெட்கத்தை விட்டு, கதவடியில் நின்று கத்தினாள்.

“ஐ வில் கோ அண்ட் கம்!”

“டோன்ட் பி லேட்!” என்று அதட்டினார் ரோசாம்மா.