பன்னிரண்டு கிலோமீட்டர்

எங்கள் பழைய காரின் இன்ஜினைக் கழற்றி மேசையில் வைத்து மூன்று மாதமாகிறது. ஆனாலும் ஞாயிறுதோறும் வண்டியைத் துடைக்க உறையை விலக்கினால், மீட்டரில் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கும்.

"முதல்ல உங்க மூக்குக்கண்ணாடியை மாத்துங்க. கால் காசு பெறாத இந்தத் தகரத்தை அடுத்த வாரம் இரும்புக்கடைக்குப் போட்டுடலாம்," என்றாள் மனைவி.

சந்தேகம் தீர, அன்றே நான்கு சக்கரங்களையும் கழற்றி, வண்டியைக் கட்டைகள்மேல் நிறுத்தினேன்.

இந்த ஞாயிறு அவளே பார்த்தாள். அதே பன்னிரண்டு கூடியிருந்தது. பானெட்டில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுங்க."

திறந்தேன். உள்ளே வெறும் பள்ளம். மேசைமேல் இன்ஜின் சில்லென்று கிடந்தது.

"அப்ப இரும்புக்கடைக்காரரை..." என்று ஆரம்பித்தேன்.

"மெதுவாப் பேசுங்க," என்று கிசுகிசுத்தாள். "பாவம், இப்பத்தான் வந்திருக்கு."

உறையை அவளே இழுத்துப் போர்த்திவிட்டாள்.