நாலு கரண்டி சர்க்கரை

இறந்துபோன அண்ணன் வக்தியின் மையத்தைக் குளிப்பாட்டும்போது, நரம்போடு இணைந்திருந்த அவருடைய இயந்திரக் கையை ஷுக்ரி கழற்றி ஒளித்துக்கொண்டார். ஷுக்ரியும் அலெக்ஸாந்திரியா துறைமுகத்தில் ஒரு கையைப் பறிகொடுத்தவர்தான்; ஆசை யாரை விட்டது? பிறகு அதை மாட்டிக்கொண்டு வந்து அண்ணி இஹ்ஸானிடம், "அண்ணன் கையையும் சேர்த்துத்தான் அடக்கினோம், இது நான் புதுசா வாங்கினது" என்றார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து அண்ணி வீட்டில் தேநீர். இயந்திரக் கை தானாக நீண்டு ஷுக்ரியின் தம்ளரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டது.

"உங்களுக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே, கொழுந்தனாரே! உங்க அண்ணன்தான் இப்படிப் பாகு காய்ச்சிக் குடிப்பாரு."

"கை தவறிடுச்சு அண்ணி."

"நாலு தடவையுமா?"

ஷுக்ரி தலைகுனிந்தார். அண்ணி அந்தக் கையையே பார்த்தார். மறுநாள் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் வைத்தார். சர்க்கரை இல்லாதது ஷுக்ரிக்கு முன்னால், நாலு கரண்டி போட்டது அந்தக் கைக்கு முன்னால்.

ஷுக்ரி குடித்தது ஒன்றுதான். எழுந்தபோது இரண்டும் காலியாக இருந்தன.